சிலைடு பார்க்காமலே தீர்ப்பு

போன மாசம் கிள்ளைப் பக்கத்துக் காலனித் தம்பி ஒருவருடன் ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். படகு வேலைக்குப் போகிறவர். மூன்று வாரமாகச் சிறுநீர் போகும்போது எரிச்சல், கூடவே சீழ். 'சூடு' என்று இளநீர், வெந்தயம் எல்லாம் குடித்தாயிற்று. மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையும் தீர்ந்துவிட்டது.

அங்கே முதல் கேள்வி, "எந்த ஊரு?" இரண்டாவது, "எந்தத் தெரு?" மூன்றாவது கேள்வியே வரவில்லை. "உங்க ஆளுங்க குடிச்சிட்டு எங்கயாவது போவீங்க" என்று சொல்லி மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பொட்டலமே தப்பு என்று நான் சொல்லவில்லை. அறிகுறியை மட்டும் வைத்து அன்றைக்கே மருந்து கொடுப்பது அரசு ஏற்றுக்கொண்ட முறை. சீழ் வடிந்தால் சாம்பல் நிறப் பொட்டலம். அதில் அசித்ரோமைசினும் செஃபிக்ஸிமும் இருக்கும். ஆய்வகமே இல்லாத இடத்தில் அது உயிர் காக்கும். ஆய்வகம் இருக்கிற இடத்திலும் அதையே கொடுத்து அனுப்புவதற்குப் பெயர் என்ன?

வெட்டை நோய்க் கிருமியை நெய்ஸர் கண்டுபிடித்தது 1879இல். சீழை ஒரு கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். சில நிமிட வேலை. சீழ் வடியும் ஆணுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இந்தச் சோதனை பிடித்துவிடும். காசநோய்க்குச் சளி பார்க்கிற அதே மைக்ராஸ்கோப் போதும். கிளமிடியாவுக்கு இது போதாது, அதற்கு மூலக்கூறுச் சோதனை வேண்டும். காசநோய்க்கு வாங்கிய ஜீன் எக்ஸ்பெர்ட் கருவியிலேயே வேறு கார்ட்ரிட்ஜ் போட்டால் வெட்டை, கிளமிடியா இரண்டையும் பார்க்கலாம். சீழ் வடியும் ஆண்களுக்கு மூலக்கூறுச் சோதனையின் முடிவை வைத்தே சிகிச்சை கொடுங்கள், அந்த வசதி இல்லாத இடத்தில் மட்டும் அறிகுறியை வைத்துக் கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021லேயே சொல்லிவிட்டது.

நாம் பேசாமல் விடுகிற இன்னொன்று இருக்கிறது. அந்தத் தம்பிக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். குழந்தை இல்லை என்று மனைவியை மூன்று டாக்டரிடம் காட்டிவிட்டார்கள். இவருக்கு ஒரு விந்துப் பரிசோதனைகூட நடக்கவில்லை. சரியாகக் குணமாகாத தொற்று விதைமேல் நாளம் வரைக்கும் ஏறினால் குழந்தைப்பேறே பாதிக்கப்படலாம். பட்டம் மட்டும் அந்தப் பெண்ணுக்கு. சாதியால் அடிபட்டு வருகிற நம் ஆண், வீட்டுக்குள் நுழைந்ததும் ஆணாக மட்டும் ஆகிவிடுகிறான். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், தோழர்களே.

இந்த வழக்கம் பழசு. வெள்ளைக்கார அரசு 1868இல் இந்தியாவில் தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. சிப்பாய்களுக்கு நோய் வரக்கூடாது என்று பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவு செய்து, கட்டாயமாகப் பரிசோதித்தார்கள். அவர்களிடம் போன ஆண்களை அந்தச் சட்டம் தொடவில்லை. 1888இல் சட்டம் போனது, புத்தி போகவில்லை.

கடலூர் மாவட்டத்துக்குத் தகவல் உரிமை மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வி ஒன்றுதான்: கடந்த ஓராண்டில் பால்வினை நோய் அறிகுறியோடு வந்த ஆண்களில் எத்தனை பேருக்குப் பொட்டலம் கொடுத்தீர்கள், அதில் எத்தனை பேருக்குச் சிலைடு பார்த்தீர்கள்? மாவட்டப் பெயரை மட்டும் மாற்றி உங்கள் ஊரிலும் போடுங்கள்.