ரவையும் கரண்டியும்

பாலர் பள்ளியிலிருந்து வந்த குழந்தை நேரே சமையலறைக்கு ஓடுகிறது. ரவை டப்பாவைத் திறந்து, ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொரு கிண்ணத்துக்குக் கரண்டியால் மாற்றுகிறது. பாதி தரையில்! "விஷமம் பண்ணாதே, போய் 'அ, ஆ' எழுது!" என்று அதட்டுகிறீர்கள். அப்படித்தானே?

சற்றுப் பொறுங்கள், சகோதரிகளே. காலையில் பள்ளியில் கை பழகியதை, சாயங்காலம் தன் இஷ்டம்போல் செய்து பார்க்கிறது குழந்தை. கரண்டியைப் பிடிக்கும் அந்த மூன்று விரல்கள்தான் நாளைக்குப் பென்சிலைப் பிடிக்க வேண்டும். விரல் திடப்படுவதற்கு முன்பே எல்.கே.ஜி. நோட்டில் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால், அது அழாமல் என்ன செய்யும்?

இந்த முறையை வகுத்த மரியா மாண்டிஸோரி அம்மையார் ஒரு டாக்டர். 1907-ல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றில் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் தொடங்கினார். 1939-ல், அறுபத்தொன்பதாம் வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று நம் அடையாறுக்கு வந்தார். யுத்தத்தில் இத்தாலி எதிரி நாடாகிவிடவே, 1946 வரை இங்கேயே இருக்கும்படி ஆயிற்று, கொடைக்கானலிலும் தங்கினார். நல்ல பொம்மைகள் பக்கத்தில் இருந்தும், குழந்தைகள் அவற்றை விட்டுவிட்டு நிஜமான வேலையையே நாடினார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். ரவை டப்பா மர்மம் இப்போது புரிகிறதா?

அவருடைய பள்ளிகளில் பத்துக் கட்டைகள் உண்டு. சிறியது ஒரு செண்டிமீட்டர், பெரியது பத்து. பெரியதன்மேல் சிறியதாக அடுக்கினால் கோபுரம். நம் வீட்டு அடுக்குப் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்தாலும் அதே பாடந்தான். திருச்சிக் குழந்தையானால் அது மலைக்கோட்டையாகிவிடும். உச்சியில் ஒரு சொப்பு, பிள்ளையார்! கண்டிப்பான ஆசிரியை முகம் சுளிக்கலாம். எனக்கென்னவோ, பாடம் விளையாட்டாகும் இடமே அதுதான் என்று தோன்றுகிறது.

"கட்டைகள் வாங்கப் பணம்?" என்பீர்கள். மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக், அனுதாய் வாக் இருவரும் கோஸ்பாட் மலைவாழ் குழந்தைகளுக்கு இலை, விதை, கூழாங்கல் இவற்றையே சாதனங்களாக்கினார்கள். நம் பச்சைமலையில் மட்டும் கூழாங்கல்லுக்குப் பஞ்சமா? மரவள்ளி விளைகிற மலை அது. ஒரு தண்டைச் சிறிதும் பெரிதுமாகப் பத்துத் துண்டு நறுக்கினால், நீளம் பார்த்து வரிசைப்படுத்தும் பாடம் காசில்லாமல் ஆயிற்று.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சந்தான். கிண்ணங்களுக்கு அடியில் ஒரு தாம்பாளம் வையுங்கள். மாமியாரும் கோபித்துக் கொள்ளமாட்டார். முதலில் அரிசி, பிறகு ரவை, கடைசியில் தண்ணீர். ஒருமுறை நிதானமாக, பேசாமல் செய்து காட்டிவிட்டு, உங்கள் கையை எடுத்துவிடுங்கள். சிந்தினால் சிறு துடைப்பத்தைக் கொடுங்கள். பெருக்குவதும் அதற்குக் கொண்டாட்டந்தான். மூன்று வயதுக்கு உட்பட்டதற்குப் புளியங்கொட்டையும் பட்டாணியும் மட்டும் வேண்டாம். மூக்கில் போட்டுக்கொள்ளும்!