பத்தடி உயரத்துக் கூடை

கூடைப்பந்தாட்டத்தில் வளையம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருக்கிறது. நம் பெண்களை அதனிடமிருந்து விலக்கி வைப்பது அந்த உயரமன்று, கல்யாணம்தான் என்பது நமது அபிப்பிராயம். "கல்யாணமான பெண்ணுக்குப் பந்து எதற்கு?" என்று கேட்பவர்கள், கல்யாணமான ஆணுக்குச் சீட்டுக்கட்டு எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை!

சென்னை ஸ்ரீமதி அனிதா பால்துரை இக்கேள்விக்கு மைதானத்திலேயே விடை சொன்னார். தெற்கு ரயில்வேயில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே இந்திய மாதர் அணியில் பதினெட்டு வருஷ காலம் ஆடினார், அதன் தலைவியுமானார். தாயான பின்னும் ஆட்டத்துக்குத் திரும்பினார். 2017-ல் பெங்களூரில், ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதிப் போட்டியில், கஜகஸ்தானை 75-73 என்று வென்ற அணியில் அவரும் இருந்தார். 2021-ல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

சங்கரன்கோவிலை அடுத்த குருவிகுளத்து நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். கரிசல் மண்ணில் பந்து எழும்பாது. சரளை கொட்டித் திமிசு போட்டு, ஒரு கம்பமும் வளையமும் நாட்டுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் பெண்களை ஆட விடுங்கள். கல்யாணத்தன்று அவர்கள் கையிலிருந்து பந்தை வாங்கி வைக்காதிருந்தால், அதுவே நல்ல சீர்வரிசை.