கேள்வி ஞானத்துக்கு எத்தனை மார்க்?

150-க்கு 18. 1889-இல் லண்டனில் தொடங்கப்பட்ட அசோசியேட்டட் போர்டு நடத்தும் மேற்கத்திய இசைப் பரீட்சையில், காதைச் சோதிக்கும் பகுதிக்கு ஒதுக்கப்பட்டிருப்பது அவ்வளவுதான். பாஸ் மார்க் 100. மும்பையிலும் கொல்கத்தாவிலும் சென்னையிலும் பிள்ளைகளை இந்தப் பரீட்சைக்கு அனுப்பும் பெற்றோர் கணக்கில் சளைத்தவர்களா என்ன? மூன்று உருப்படிகளை மாதக்கணக்கில் தேய்த்துவிட்டு, காதுப் பயிற்சியைக் கடைசி இரண்டு வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, நான்கு உருப்படிகளை வாசித்து வீடியோ அனுப்பினால் போதும் என்று 2020-இல் இன்னொரு வகைப் பரீட்சையும் வந்தது. அதில் காதுக்குச் சோதனையே இல்லை.

அந்த 18 மார்க்குக்கு எட்டாவது கிரேடில் கேட்கப்படுவது லேசான விஷயமல்ல. மூன்று குரல்கள் இழைந்த ஒரு சிறு பகுதியைப் பரீட்சகர் பியானோவில் இரண்டு முறை வாசிப்பார். மாணவர் அதில் ஆகக் கீழே உள்ள குரலை மட்டும் பிரித்தெடுத்துப் பாடவோ வாசிக்கவோ வேண்டும். பிறகு வேறொரு பகுதி. அது எப்படி முடிகிறது, முடிவில் வந்த கார்டுகள் எவை என்று சொல்ல வேண்டும்.

நம் மாணவர்கள் திணறுவது இங்கேதான். ஒற்றை மெட்டைப் பின்தொடர்ந்து வளர்ந்த காது, மேலே ஓடும் ஸ்வரத்தைச் சட்டென்று பிடித்துவிடும். ஹார்மனியிலோ அந்த ஸ்வரத்துக்கு அர்த்தம் கொடுப்பது பெரும்பாலும் கீழே இருக்கும் பேஸ். மேலே ஷட்ஜத்தை அசையாமல் நிறுத்திவிட்டு, கீழே வரிசையாக ஸ, ம, த என்று ஒலிக்கவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் அதற்குரிய கார்டை வாசித்துப் பார்க்கலாம். முதலில் அது வீடு. அடுத்தது வாசல் திண்ணை. மூன்றாவதில் அதே ஷட்ஜம் சோகமாகிவிடுகிறது. பஞ்சமத்திலிருந்து ஷட்ஜத்தில் இறங்க வேண்டிய பேஸ் தைவதத்தில் போய் நின்றால், வாக்கியம் முடியாமல் தொங்கும். மேல் ஸ்வரத்தை மட்டும் கேட்பவருக்கு இந்த நாடகம் எதுவுமே தெரியாது.

இது பிறவியில் வரும் திறமை என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் மிஜோரமைப் பார்க்க வேண்டும். வேல்ஸ் நாட்டு மிஷனரிகள் அங்கே கொண்டுபோன டானிக் சோல்ஃபா முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஐந்து கோடு போட்ட நோட்டேஷன் கிடையாது. ஸ்வரப் பெயர்களின் முதலெழுத்துக்களும் சில புள்ளிகளும்தான். பியானோ வகுப்புக்குப் போகாதவர்களும் அதைப் பார்த்து நான்கு குரல்களில் பாடுகிறார்கள். பக்கத்தில் நிற்பவர் வேறு ஸ்வரம் பாடும்போது தன் ஸ்வரத்தை விடாமல் பிடித்து நிற்பதுதான் அங்கே பயிற்சி. வாராவாரம் சர்ச்சில் இதைச் செய்பவர்களுக்குத் தனியாக டியூஷன் எதற்கு?

தாளத்தில் நிலைமை நேர் எதிர். 1996-இல் மூன்று அமெரிக்க இசைப் பேராசிரியர்கள், மாணவர்களின் தாளக் காதைப் பழக்க ஒரு முறையை வெளியிட்டார்கள். பெயர், ‘தகதிமி’. நம்மூர்ச் சொற்கட்டிலிருந்து போனதேதான். அவர்கள் செய்த மாற்றம், ஒவ்வோர் எழுத்தையும் அடியின் ஓர் இடத்தோடு கட்டிவிட்டது. அடியின் தொடக்கம் எப்போதும் ‘த’; சரிபாதியில் விழுவது எப்போதும் ‘தி’. அதனால் மாணவரின் வாயே அடி எங்கே பிளக்கிறது என்று காட்டிக் கொடுத்துவிடும். கொன்னக்கோல் பிறந்த நாட்டிலோ, கீபோர்டு மாணவர்கள் பலர் வாயைத் திறப்பதே இல்லை.

இரண்டையும் சேர்த்துப் பழகக் காசு செலவில்லை. ஒரு பாட்டின் மெட்டை விட்டுவிட்டு பேஸை மட்டும் பாட வேண்டும். அது பிடிபட்டதும், பேஸைப் பாடிக்கொண்டே கார்டு மாறும் இடத்தில் மட்டும் கை தட்ட வேண்டும். தாளம் சீராக ஓடும். கார்டுகளோ இரண்டு அடிக்கு ஒருமுறையும் மாறும், அடிக்கு அடியும் மாறும். அந்த வித்தியாசம் உறைத்த பிறகு இருவராக உட்கார்ந்து ஆளுக்கொரு குரல் பாடலாம். தினம் பத்து நிமிஷம் போதும். ஆனால் தினமும் வேண்டும். காதுக்குக் கடைசி நேர மனப்பாடம் உதவாது.

இதை விட்டவர்களுக்கு நஷ்டம் பரீட்சை முடிந்த பிறகுதான் தெரியும். வெளிநாட்டு இசைக் கல்லூரிகள் பலவும் சேர்க்கையின்போது காதையும் சோதிக்கின்றன. ரெக்கார்டிங்கில் எட்டு வயலின்களில் ஒன்று தப்பான ஸ்வரம் வாசித்தால், எது என்று காட்ட வேண்டியவர் கோஷ்டியை நடத்துபவர். டிஸ்டிங்ஷன் சர்டிபிகேட் அப்போது வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும்.