சத்தம் போடுகிறவர் காவலர் அல்ல

ஆவேசமாகப் பேச ஒரு பாதிரியார் இருந்தால்தான் எதிராளி அடங்கியிருப்பான் என்று கன்னியாகுமரி மாவட்டத்தின் தக்கலை வட்டாரத்தில் பலர் நம்புகிறார்கள். பாதிரியார் ஜார்ஜ் பொன்னையாவின் பெயரை எடுத்தாலே, நமக்காகப் பேச அவராவது இருக்கிறாரே என்பார்கள். அவர் பேச்சால் யார் காப்பாற்றப்பட்டார்கள் என்று கணக்குப் பார்த்தால் ஒருவர்கூடத் தேறமாட்டார்.

2021 ஜூலை 5 அன்று, பழங்குடியினருக்காக உழைத்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி மும்பையில் விசாரணைக் கைதியாகவே இறந்தார். வயது 84. நடுங்கும் கையால் டம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்துக்கு மனுப் போட்டவர். அவருக்கு அஞ்சலி செலுத்த ஜூலை 18 அன்று அருமனையில் கூட்டம் கூடியது. அங்கே பொன்னையா என்ன செய்தார்? வெறுங்காலோடு நடக்கும், அப்போதைய நாகர்கோவில் பாஜக எம்.எல்.ஏ. எம்.ஆர். காந்தியைக் கேலி செய்தார். பாரத மாதாவின் அசுத்தம் ஒட்டிவிடாமல் இருக்கவே நாங்கள் செருப்புப் போடுகிறோம் என்றார். திமுகவின் வெற்றி சிறுபான்மையினர் போட்ட பிச்சை என்றார். வீடியோ காட்டுத்தீயாய்ப் பரவியது. பேச்சை வெட்டி ஒட்டிவிட்டார்கள் என்றும், புண்பட்டிருந்தால் மன்னியுங்கள் என்றும் அவரிடமிருந்து இன்னொரு வீடியோ வந்தது. ஜூலை 24 அன்று கைதானார். இந்த அமளியில் ஸ்டேன் சுவாமியை ஊரே மறந்துபோனது.

அதே மேடையில், மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் 62 சதவீதத்தைத் தாண்டிவிட்டோம், சீக்கிரமே 70 ஆவோம் என்று மார்தட்டினார். 2011 கணக்கெடுப்புப்படி கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம், இந்துக்கள் 48.65. மதமாற்றப் பூச்சாண்டி காட்டி ஓட்டுக் கேட்பவர்களுக்கு இதைவிடப் பெரிய நன்கொடையை யார் கொடுத்துவிட முடியும்?

எதிர்த்தரப்பில் பேசுகிறவர்களை மட்டும் ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி; சட்டம் எல்லோர்மீதும் ஒரேபோலப் பாய வேண்டும். அதற்காக வசை கேடயமாகிவிடாது. 2022 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பொன்னையாமீதான வழக்கில் சில பிரிவுகளை ரத்து செய்தாலும், மத உணர்வைப் புண்படுத்தியது, பகைமை வளர்த்தது தொடர்பான பிரிவுகளை ரத்து செய்ய மறுத்துவிட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் ராகுல் காந்தி நடைப்பயணமாக வந்தபோது, தக்கலையை ஒட்டிய புலியூர்க்குறிச்சியில் பொன்னையாவைச் சந்தித்தார். இயேசுதான் உண்மையான கடவுள், சக்தியைப் போல அல்ல என்று பொன்னையா சொன்ன துண்டு வீடியோ, நடைப்பயணத்தை அடிக்கத் தடியானது. சந்திப்பு நடந்ததோ முட்டிடிச்சான் பாறை ஆலயத்தில். விலங்கோடு இழுத்துவரப்பட்ட மறைசாட்சி தேவசகாயம் தாகத்தில் முழங்கையால் இடிக்க, பாறையில் நீர் சுரந்ததாக மக்கள் நம்பும் இடம் அது. அவரைப் புனிதராக்கியது அவர் பட்ட பாடு. யாரையும் ஏசிய வாய் அல்ல.

1930களில் அமெரிக்காவில் சார்லஸ் காஃப்லின் என்ற பாதிரியார் வானொலியில் கோடிக்கணக்கானவர்களைக் கட்டிப்போட்டார். ஏழைகளுக்காகத் தொடங்கியவர் யூத வெறுப்பில் போய் முடிந்தார். 1942இல் பேராயர்தான் அவர் வாயைக் கட்டினார். இங்கும் ஆயர்கள் கடிவாளத்தைக் கையில் எடுக்கத் தயங்கக் கூடாது.

1982இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட மண்டைக்காடு கலவரத்தில் அல்லல்பட்டது இரு பக்கத்திலும் ஏழைகள்தான். அப்போது சமாதானம் தேடி இந்த மாவட்டத்துக்கு வந்தவர் சைவ மடாதிபதி குன்றக்குடி அடிகளார். காவல் என்றால் அது. கூட்டம் முடிந்ததும் பேச்சாளர் காரில் ஏறிப் போய்விடுவார். மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் விழிக்க வேண்டியது கைதட்டிய நாம்தான்.