விழிப்புணர்வு இல்லையாம் நமக்கு!

சேரிப் பெண்களுக்குத் தடுப்பூசி விழிப்புணர்வு இல்லை என்று கருத்தரங்கு தோறும் பேசுகிறார்கள். எந்தத் தடுப்பூசி, தோழர்களே? கர்ப்பிணிக்கு அரசு போடும் டி.டி. ஊசி ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மட்டும்தான். கக்குவான் இருமலையும் தடுக்கும் டிடாப் வேண்டுமென்றால் தனியாரிடம் ஆயிரம் ரூபாய்க்கு மேல். கூலிக்குப் போகிறவள் எங்கே போவாள்?

குழந்தைக்கு முதல் பென்டாவேலன்ட் ஊசி ஆறாவது வாரத்தில்தான். கக்குவானில் சாவதோ பெரும்பாலும் பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத சிசுக்கள். அதுவரை தாயிடமிருந்து வரும் எதிர்ப்புச் சக்திதான் காப்பு. 27 முதல் 36 வாரத்துக்குள் போடுங்கள் என்கிறது இந்திய மகப்பேறு மருத்துவர்கள் கூட்டமைப்பு. காசுள்ளவர்கள் போட்டுக்கொள்கிறார்கள்.

இலவசமானால் மட்டும் தீராது என்பதும் நமக்குத் தெரியும். பிரிட்டனில் 2012 முதல் இலவசம். அங்கும் கறுப்பினத் தாய்மார்களிடம் விகிதம் குறைவுதான். போட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு செவிலியரோ மருத்துவரோ பரிந்துரைத்தாரா என்பதே முக்கியக் காரணம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. நாங்கள் வேலை செய்த ஒரு கிராமத்தில் செவிலியர் ஊர்த்தெருவோடு திரும்பிவிடுவார். சேரிக் கர்ப்பிணிகள்தான் ஊருக்குள் போய், ஓரமாக நிற்க வேண்டும். என்ன ஊசி என்று கேட்டால் அதட்டல். இதற்குப் பெயர் விழிப்புணர்வுக் குறைவா, சாதியா?

டிடாப்பை அரசு அட்டவணையில் சேர்க்கட்டும். சேரிக்குள் வந்து, உட்கார வைத்து, விளக்கிச் சொல்லிப் போடட்டும். அதன் பிறகு எங்கள் விகிதத்தைக் கணக்கெடுக்கலாம்.