முகம் ஒருவருக்கு, குரல் இன்னொருவருக்கா?

1954-ல் வெளிவந்த ‘லா ஸ்திராதா’ என்ற இத்தாலியப் படத்தில், மார்பில் சுற்றிய சங்கிலியை மூச்சை இழுத்து அறுத்துக்காட்டி ஊரூராய்ப் பிழைக்கும் முரடன் ஒருவன் வருகிறான். அந்த வேஷம் போட்டவர் ஹாலிவுட் நடிகர் ஆந்தனி குவின். ஆனால் அவர் வாயிலிருந்து வரும் இத்தாலியப் பேச்சோ அர்னால்டோ ஃபோவா என்ற இத்தாலிய நடிகருடையது. குவினை உலகம் அறியும். இத்தாலிக்கு வெளியே ஃபோவாவை எத்தனை பேர் அறிவர்?

1963-ல் வந்த ‘சிறுத்தை’ படத்திலும் இதே கதைதான். சிசிலிப் பிரபுவாக நடித்தவர் அமெரிக்கர் பர்ட் லங்காஸ்டர். குரல் கொடுத்தவர் கொர்ராதோ காய்ப்பா.

ஏன் இப்படி? வெளிநாட்டு நட்சத்திரத்தைப் போட்டால் படம் வெளிநாட்டிலும் விலைபோகும் என்பது படமுதலாளியின் கணக்கு. படம் பிடிக்கையில் ஒருவர் ஆங்கிலம் பேசுவார், ஒருவர் பிரெஞ்சு பேசுவார். பிறகு ஸ்டூடியோவின் இருட்டறையில், திரையில் அசையும் உதட்டைப் பார்த்துப் பார்த்து இத்தாலியக் குரலை ஏற்றுவார்கள். இதுதான் டப்பிங்.

இந்தத் தொழில் அங்கே வேர்விட்டது பாசிஸ்ட் ஆட்சியில். 1930-ல் முசோலினி சர்க்கார் அந்நிய மொழிப் பேச்சு திரையில் ஒலிக்கக் கூடாதென்று தடுத்தது. 1933-ல், அந்நியப் படங்களுக்கு இத்தாலியக் குரல் ஏற்றும் வேலை இத்தாலியிலேயே நடக்கவேண்டும் என்று சட்டம் செய்தது. தேசபக்தி என்றார்கள். சொந்த நாட்டு ஏழைகளின் வட்டாரப் பேச்சும் அவர்களுக்குக் கசப்பாகவே இருந்தது!

‘சிறுத்தை’யை எடுத்த விஸ்கோந்தியே 1948-ல் ‘பூமி நடுங்குகிறது’ என்ற படம் எடுத்தார். அதற்கு ஆரம்பப் பணம் தந்தது இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சி. சிசிலியின் ஆசி திரெத்ஸா கிராமத்து மீனவர்களே நடித்தார்கள், தங்கள் பேச்சையே பேசினார்கள். மற்றப் பகுதி இத்தாலியருக்கு அது விளங்கவில்லை. பின்னர் இத்தாலிய மொழி ஏற்றிய பிரதி வந்தது. விளங்காவிட்டால் போகட்டும், மீனவன் வாயில் மீனவனின் சொல் இருந்ததே!

டப்பிங்கையே ஒழிக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. படத்தின் அடியில் ஓடும் எழுத்தைப் படிக்கத் தெரியாத உழைப்பாளிக்கு அது பெரிய உதவி. நாம் கேட்பது இவ்வளவுதான்: குரலும் உழைப்பல்லவா? அதற்குப் பெயரும் கூலியும் வேண்டாமா?

இத்தாலியின் டப்பிங் தொழிலாளர் இதையே கேட்டனர். பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத ஒப்பந்தத்தை எதிர்த்தும், தங்கள் குரலை யந்திரம் திருடுவதை எதிர்த்தும் 2023 பிப்ரவரியில் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டு டிசம்பரில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. யந்திரத்துக்குக் குரலைப் பழக்குவது பற்றிய விதிகளும் அதில் ஏறின.