சம்மட்டி அடிக்குக் கண்ணைக் காவு கொடுப்பதா?



கண்மாயில் கரம்பை மண் அள்ளும் செயின் வண்டியைப் பார்க்காதவர் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இல்லை. கல்குவாரியிலும் அதுதான் நிற்கிறது. ரோட்டு வேலையிலும் அதுதான் நிற்கிறது. ஹிட்டாச்சி என்கிறோம், பொக்லைன் என்கிறோம், புல்டோசர் என்கிறோம். நூறு மண்வெட்டிகள் செய்த வேலையை அது ஒன்றே செய்கிறது. மண்வெட்டியைக் கீழே வைத்த விவசாயத் தொழிலாளியின் மகன் அந்த வண்டிக்கே கிளீனராகவும், அதை ரிப்பேர் செய்யும் பட்டறையில் ஹெல்ப்பராகவும் போய்ச் சேருகிறான். அவன் கண்ணைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

டயருக்குப் பதில் அந்த வண்டிக்கு இரும்புச் செயின். ஒரு பக்கத்துச் செயினில் நாற்பது ஐம்பது கண்ணிகள். ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணியோடு இணைப்பது ஒரு பின். சாதாரண இரும்பு அல்ல அது. மேல் தோலைச் சூடேற்றிக் கடினமாக்கிய உருக்கு. கண்ணியின் துளை பின்னைவிட மயிரிழை சிறிதாக இருக்கும். பல டன் அழுத்தம் கொடுத்துத்தான் தொழிற்சாலையில் அதை உள்ளே இறக்குகிறார்கள். செயினைப் பிரிப்பதற்கென்று சற்றுத் தளர்வான 'மாஸ்டர் பின்' ஒன்று உண்டு. சேறும் துருவும் ஏறிவிட்டால் அதுவும் அசையாது.

டன் கணக்கான அழுத்தத்தில் உள்ளே போனது, டன் கணக்கான அழுத்தத்தில்தான் வெளியே வரும். இது யாரும் மறுக்க முடியாத கணக்கு. ஆனால் நமது பட்டறைகளில் அதை எதைக் கொண்டு எடுக்கிறார்கள்? சம்மட்டியைக் கொண்டு!

பட்டறையில் நடப்பது என்ன?

ஒருவன் உளியை பின்னின் தலையில் வைத்துப் பிடித்துக்கொள்கிறான். இன்னொருவன் சம்மட்டியை ஓங்கி அடிக்கிறான். வரவில்லையா, காஸ் வைத்துக் கண்ணியைப் பழுக்கக் காய்ச்சு, மறுபடி அடி. கை தவறினால் உளி பிடித்தவன் மணிக்கட்டு போயிற்று. கை தவறாவிட்டாலும் ஆபத்து தீர்ந்ததா? இல்லை. கடின உருக்கு கடின உருக்கின் மீது மோதும்போது சில்லு தெறிக்கிறது. அடி வாங்கி வாங்கிக் கொண்டை விரிந்த பழைய உளியும் விளிம்பில் உடைந்து தெறிக்கிறது. அந்தச் சில்லுக்கு நேர் எதிரே இருப்பது தொழிலாளியின் முகம்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். கடுகளவு இரும்புத் துணுக்கு கருவிழியைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் பெரிய வலி இல்லாமலும் இருக்கும். "தூசி விழுந்தது" என்று துண்டால் ஒற்றிவிட்டு வேலையைத் தொடருகிறவர்கள் உண்டு. உள்ளே போன இரும்பு சும்மா இருப்பதில்லை. கண்ணுக்குள்ளேயே துருப்பிடித்து, நாளாவட்டத்தில் பார்வையைத் தின்றுவிடுகிறது. துளைபட்ட கண்ணின் காரணமாகச் சிலருக்கு நல்ல கண்ணும் பாதிக்கப்படுவதுண்டு என்று கண் டாக்டர்கள் சொல்கிறார்கள். உலோகத்தை உலோகத்தால் அடிக்கும் வேலையே கண்ணுக்குள் துணுக்கு பாய்வதற்கு முக்கியமான காரணம் என்பது வைத்திய உலகம் நன்கு அறிந்த விஷயம்.

வண்டியை விற்கும் கம்பெனிகளுக்கும் இது தெரியும். பின் போன்ற கடினமான பாகங்களைச் சம்மட்டியால் அடித்தால் துண்டு தெறிக்கும், கண்ணாடி அணிய வேண்டும் என்று அவர்களே கையேட்டில் அச்சிட்டுத் தருகிறார்கள். அந்தக் கையேடு இங்கிலீஷில் இருக்கிறது; முதலாளி வீட்டு அலமாரியில் இருக்கிறது. சம்மட்டி மட்டும் தமிழ் பேசும் தொழிலாளி கையில் இருக்கிறது!

கருவி இல்லையா? இருக்கிறது!

இந்த வேலைக்கென்றே பின் கழற்றும் பிரஸ் இருக்கிறது. பெரிய விந்தை ஒன்றும் அதில் இல்லை. 'சி' எழுத்தைப் போல வளைந்த கனத்த உருக்குச் சட்டம்; அதன் ஒரு முனையில் லாரி ஜாக்கியைப் போன்ற எண்ணெய் அழுத்தச் சிலிண்டர்; அதற்கு ஒரு பம்பு; பின்னைத் தள்ள ஒரு தள்ளுகம்பி. சட்டத்தைக் கண்ணியில் மாட்டி, தள்ளுகம்பியை பின்னுக்கு நேராக நிறுத்தி, பம்பை இயக்கினால் பின் மெல்ல மறுபக்கம் நகர்ந்து வெளியே வருகிறது. ஓங்கலும் இல்லை, அடியும் இல்லை, தெறிப்பும் இல்லை. வேலை நடக்கும் இடத்துக்கே எடுத்துச் சென்று நூறு டன் அழுத்தம் கொடுக்கக்கூடிய பிரஸ்கள் சந்தையில் விற்கின்றன.

அப்படியானால் ஏன் இந்தப் பட்டறைகளில் அது இல்லை? இதற்கான பதிலை மில் தொழிலாளி தன் அனுபவத்திலிருந்தே சொல்வார்.

மில்லில் ஷாப்டிலிருந்து பேரிங் கழற்ற பிட்டருக்குப் புல்லர் கொடுக்கிறார்களே, எதற்காக? பிட்டரின் விரல் நசுங்கக் கூடாதென்றா? சம்மட்டியால் தட்டினால் பேரிங் கெட்டுப்போகும், ஷாப்ட் வளைந்துபோகும் என்பதற்காக! செயின் விஷயத்திலும் இதே கதைதான். தேய்ந்த பின்னையும் புஷ்ஷையும் திருப்பிப் போட்டுச் செயினை இன்னொரு தவணை ஓட்டலாம் என்று கணக்குப் போடும் பெரிய ஒர்க்‌ஷாப்களில் பிரஸ் வைத்திருக்கிறார்கள். அங்கே செயினுக்குக் காயம் படக்கூடாது. சின்னப் பட்டறையில் வரும் பின் பழைய இரும்புக் கடைக்குப் போகிற பின். அதற்குச் சம்மட்டியே போதும் என்கிறார்கள்.

இரும்பைக் காப்பாற்ற வேண்டியிருந்தால் பிரஸ் வருகிறது. மனிதனைக் காப்பாற்ற வேண்டியிருந்தால் வருவதில்லை. பிரச்னை முழுவதும் இந்த இரண்டு வரியில் அடங்கிவிடுகிறது.

முதலாளிமாரின் சமாதானங்கள்

"பிரஸ் வாங்கக் கட்டுப்படியாகாது" என்கிறார்கள். புது செயின் வண்டி ஒன்றின் விலை அரைக் கோடி ரூபாய் அளவில் இருக்கிறது. அந்த வண்டிக்குத் தவணை கட்ட முடிகிறது, டீசல் ஊற்ற முடிகிறது. அதன் விலையில் சிறு பகுதிகூட ஆகாத கருவிக்கு மட்டும் கை சுருங்குகிறதா? ஒரு பட்டறையால் முடியாவிட்டால் பத்துப் பட்டறைகள் சேர்ந்து ஒன்று வாங்கலாமே! வாடகைக்கு எடுக்கலாமே! வண்டி உரிமையாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் ரேட்டை உயர்த்துவதற்கு ஒன்றாகச் சேரும்போது, தொழிலாளியின் கண்ணுக்காகச் சேரக் கூடாதா?

"தொழிலாளியின் கவனக்குறைவுதான் காரணம்" என்கிறார்கள். நாள் முழுவதும் வெயிலில் சம்மட்டி பிடிப்பவனின் ஆயிரம் அடிகளில் ஓர் அடி பிசகாதா? கவனமாக அடித்தாலும் சில்லு தெறிக்கும் என்பதை மேலே பார்த்தோம். சட்டமும் இந்தச் சாக்கை ஏற்கவில்லை. 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1923ஆம் ஆண்டு தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டப்படியே வெறும் கவனக்குறைவு நஷ்டஈட்டை மறுக்கக் காரணம் ஆகவில்லை. குடிபோதையில் இருந்தான், பாதுகாப்புக்கென்று கொடுத்த சாதனத்தை வேண்டுமென்றே ஒதுக்கினான் என்பன போன்ற சில காரணங்களைத்தான் முதலாளி காட்ட முடியும். எனவே தோழர்களே, கண்ணாடி கொடுத்தால் தவறாமல் அணியுங்கள். உங்கள் கண்ணுக்காகவும் அணியுங்கள். முதலாளிக்குத் தப்பிக்கும் சந்து கொடுக்காமல் இருப்பதற்காகவும் அணியுங்கள்.

"எங்கள் தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான்" என்று சொல்கிற மேஸ்திரிமார்களும் உண்டு. தாத்தா காலத்தில் செயின் வண்டி ஏது? அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஹோல்ட் என்பவர் செயின் வைத்த டிராக்டரைச் சோதித்துப் பார்த்ததே 1904இல்தான். வண்டியை மட்டும் புதிதாக இறக்குமதி செய்துகொண்டு, அதைக் கழற்றும் முறையைக் கொல்லுப் பட்டறைக் காலத்திலேயே நிறுத்தி வைப்பது எந்த ஊர் நியாயம்?

கண்ணுக்கு என்ன விலை?

சட்டம் கண்ணுக்குப் போட்டிருக்கும் விலையையும் ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கண்ணை முற்றாக இழந்தால் சம்பாதிக்கும் சக்தியில் 40 சதவீத இழப்பு. கண் இருந்து பார்வை மட்டும் போனால் 30 சதவீதம் என்று 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை கூறியது. முப்பது வயதுத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். மாதக் கூலியில் 60 சதவீதத்தை அந்த வயதுக்குரிய 207.98 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். அவர் எவ்வளவு சம்பாதித்தாலும் கூலி 15,000 ரூபாய்க்கு மேல் இல்லை என்றே கணக்கிட வேண்டுமென 2020 ஜனவரியில் மத்திய சர்க்கார் வரம்பு கட்டியது. ஆக 9,000 ரூபாயை 207.98ஆல் பெருக்கினால் 18,71,820 ரூபாய். அதில் 40 சதவீதம் 7,48,728 ரூபாய். 30 சதவீதம் 5,61,546 ரூபாய்.

இந்தப் பணம் தருமம் அல்ல, உரிமை. நாலு பேர் வேலை செய்யும் பட்டறையானாலும், மின்சாரம் வைத்து ரிப்பேர் வேலை நடந்தால் உரிமையாளர் இதற்குப் பொறுப்பு. ஈ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு அந்த நிதியிலிருந்து உதவித்தொகை வர வேண்டும். ஆனால் நடப்பது என்ன? ஆஸ்பத்திரிச் செலவுக்குச் சில ஆயிரத்தைக் கையில் திணித்து, வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கி வீட்டுக்கு அனுப்பப் பார்ப்பார்கள். சம்பளச் சீட்டு இல்லாதவன், வருகைப் பதிவு இல்லாதவன் தான் அங்கே வேலை பார்த்தேன் என்பதையே நிரூபிக்கத் திண்டாட வேண்டியிருக்கிறது.

சர்க்கார் என்ன செய்கிறது?

துணுக்கு தெறிக்கும் வேலைகளில் தடுப்புத் திரையோ தகுந்த கண்ணாடியோ தர வேண்டுமென விதி செய்ய 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 35ஆவது பிரிவு வகை செய்தது. அந்தச் சட்டப்படி மின்சக்தியுடன் 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த 10ஐ 20 ஆக்கிவிட்டது. மின்சக்தி இல்லாத இடத்துக்கு இருந்த 20ஐ 40 ஆக்கிவிட்டது. கூடுதலான தொழிலாளர்களைச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டிய காலத்தில், உள்ளே இருந்தவர்களையும் வெளியே தள்ளுவதற்குப் பெயர் சீர்திருத்தமாம்! ஐந்தாறு பேர் உழைக்கும் செயின் வண்டிப் பட்டறை பழைய சட்டத்திலும் தொழிற்சாலை இல்லை, புதிய சட்டத்திலும் இல்லை. அங்கே எந்த இன்ஸ்பெக்டரும் எட்டிப் பார்ப்பதில்லை.

விருதுநகர் மாவட்டத்து மக்களுக்கு இந்த வேதனை புதிதல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகி மாண்டனர். 2024இல் மே தினத்தன்றே காரியாபட்டி அருகே கல்குவாரி வெடிமருந்துக் கிடங்கு வெடித்துத் தொழிலாளர்கள் உடல் சிதறி இறந்தனர். அப்போதெல்லாம் மந்திரிகள் வருகிறார்கள், அனுதாபம் வருகிறது. ஒவ்வொரு பட்டறையிலும் ஒவ்வொன்றாகப் போகும் கண்களுக்கு யாரும் மாலை வைப்பதில்லை, கணக்கும் வைப்பதில்லை.

போராடினால் சட்டம் அசையாதா? அசையும். கதிரடிக்கும் யந்திரத்தில் கூலித் தொழிலாளர்களின் கைகள் துண்டாகி, நாடெங்கும் கூக்குரல் எழுந்த காலத்தில், 1983இல் அபாயகரமான யந்திரங்கள் சட்டம் வந்தது. யந்திரத்தைச் செய்பவனும் பாதுகாப்புக்குப் பொறுப்பு என்ற கொள்கையை அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. களத்து மேட்டில் ஒப்புக்கொண்ட நியாயத்தைப் பட்டறையில் மறுப்பது ஏன்?

பிரஸ் வந்தால் வேலை போகுமா?

நம் தோழர்களிடமே ஒரு சந்தேகம் இருக்கிறது: "மூன்று பேர் செய்யும் வேலையை பிரஸ் வந்தால் ஒருவரே செய்துவிடுவார், மற்ற இருவரை முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிடுவான்." இந்தப் பயம் நியாயமானது. இதைச் சிரித்து ஒதுக்குவதற்கில்லை. 1811இல் இங்கிலாந்து நெசவுப் பகுதிகளில் தொழிலாளர்கள் யந்திரங்களை உடைத்ததும் இந்தப் பயத்தால்தான். ஆனால் வேலையைப் பறிப்பது கருவியா, கருவியைக் கையில் வைத்திருப்பவனா? சம்மட்டியைக் காப்பாற்றி வேலையைக் காப்பாற்ற முடியாது; கண் போனவனுக்கு எந்தப் பட்டறையில் வேலை இருக்கிறது? பிரஸ் வர வேண்டும், அதன் பேரில் ஒருவரையும் நீக்கக் கூடாது என்று இரண்டையும் ஒரே கோரிக்கையாக வைப்பதுதான் நமது வழி.

இன்னொரு எச்சரிக்கை. லேத் பட்டறைத் தோழர்கள் கெட்டிக்காரர்கள். தாங்களே ஒரு பிரஸ் செய்துவிடுவார்கள். ஆனால் மெலிந்த தகட்டில் சட்டம் செய்து நூறு டன் கொடுத்தால் அந்தச் சட்டமே வெடித்து ஆளைக் கொல்லும். தாங்கும் சக்தி சோதிக்கப்பட்ட பிரஸ்தான் வேண்டும். பின் வெளிவரும் நேர்கோட்டில் எவரும் நிற்கக் கூடாது. அழுத்தம் ஏறியிருக்கும்போது சம்மட்டியால் தட்டவும் கூடாது. செயினைத் தளர்த்த கிரீஸ் வால்வைத் திறப்பவர் ஒரு சுற்றுக்கு மேல் திருகக் கூடாது, முகத்தை அதற்கு நேரே வைக்கவும் கூடாது; உள்ளே இருக்கும் அழுத்தம் வால்வையே குண்டுபோல் எறிந்துவிடும்.

கண்ணில் ஏதேனும் பட்டால் கசக்காதீர்கள், நீங்களே பிடுங்காதீர்கள். கண்ணை அழுத்தாமல் மூடி அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "வேலை செய்யும்போது பட்டது" என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நாளை நஷ்டஈட்டு அதிகாரி முன்னால் பேசப்போவது அந்தச் சீட்டுதான்.

நமது கோரிக்கைகள்

செயின் பிரிக்கும் ஒவ்வொரு பட்டறையிலும் பிரஸ் வேண்டும். சிறு பட்டறைகளுக்கு ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் குறைந்த வாடகையில் பொதுப் பிரஸ் கிடைக்கச் சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டும்.

அது வரும்வரை கண்ணாடி, தடுப்புத் திரை, பித்தளை உளி ஆகியவை முதலாளி செலவில் வேண்டும்.

பிரஸ்ஸைக் காரணம் காட்டி ஆள் குறைப்பு கூடாது.

சம்பளச் சீட்டும் விபத்துப் பதிவேடும் வேண்டும்.

எத்தனை பேர் வேலை செய்தாலும் பாதுகாப்புச் சட்டம் பொருந்த வேண்டும். நஷ்டஈட்டை உண்மைக் கூலியின் மீது கணக்கிட வேண்டும்.

மில் தொழிலாளர்களே! பட்டறை ஹெல்ப்பருக்குச் சங்கம் இல்லை, உங்களுக்கு இருக்கிறது. உங்கள் கூட்டங்களில் அவனையும் உட்கார வையுங்கள். விவசாயத் தொழிலாளர்களே! அவன் உங்கள் வீட்டுப் பிள்ளை. நாளைக் காலை வேலைக்குக் கிளம்பும்போது, "உன் பட்டறையில் பிரஸ் இருக்கிறதா?" என்று அவனைக் கேளுங்கள். இல்லை என்றால் அவன் முதலாளியிடம் போய்க் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், தெருவே திரண்டு போங்கள்!